குவானிஷின் கால்கயிறு

முதலீட்டுப் பணம் வந்து சேர்ந்த மறுநாள் காலையிலும் குவானிஷின் இரண்டு கணுக்கால்களும் கயிற்றால் பிணைந்தே இருந்தன. முடிச்சு அவிழவில்லை, கத்தி ஏறவில்லை. கறுப்பும் வெள்ளையும் சேர்த்துத் திரித்த கம்பளிக் கயிறு, நீளம் இரண்டு சாண். முந்தின நாள் விளையாட்டாகக் கட்டியது. அந்த ஊர் வழக்கப்படி, நடை பழகும் குழந்தையின் காலில் இப்படிக் கட்டி, சுறுசுறுப்பான ஆள் ஒருவரை வைத்து வெட்டுவார்கள். வெட்டுகிறவர் நடைதான் பிள்ளைக்கும் வரும். கம்பெனியும் பிள்ளைதானே என்று அலுவலகத்து ஆட்கள் அதைத் தொடங்கின குவானிஷின் காலில் கட்டி, பணம் போட்ட செரிம்பெத் கையில் கத்தியைக் கொடுத்தார்கள். ஓடியாடுகிறவர்கள் எத்தனையோ பேர் நிற்க, பணக்காரர் என்பதற்காக அவரிடம் கொடுத்ததுதான் தப்பு. கத்தியை வாங்கின நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே கத்தியை மேசையில் வைத்தார், காரில் ஏறிப் போய்விட்டார்.

அல்மாத்தியில் அவர்கள் அலுவலகம் டயர் கடை மாடியில் இருந்தது. டயர் கடைக்காரர் இரும்பு வெட்டுகிற கத்தரியோடு வந்து பார்த்தார். கத்தரிக்குத்தான் பல் போயிற்று. கத்தி யார் கைக்குப் போனதோ அவர்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். செரிம்பெத்தைக் கேட்டபோது அவர் கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கம்பளி நல்ல கம்பளி என்றார். முன்னாளில் குதிரை வியாபாரம் பண்ணினவர்.

"கம்பெனிய விக்கிற அன்னிக்கு வெட்டுறேன் தம்பி. கால் கட்டாத குதிரை மேயுமா? ஓடிப் போயிடும்ல."

சந்தைத் தையல்காரர் பக்கவாட்டில் பொத்தான் வைத்துக் காற்சட்டை தைத்துக் கொடுத்தார். இரண்டு சாண் அடி எடுத்து வைத்து மாடி ஏறவும் இறங்கவும் குவானிஷ் பழகிக்கொண்டான். குதிரை மேல்தான் ஏற முடியவில்லை. அவன் கம்பெனி செய்ததோ குதிரைக் கழுத்துப் பட்டை. மந்தை எந்த மலையில் மேய்கிறது என்பதை மேய்ப்பனுக்குப் போனிலேயே காட்டிவிடும். சொந்த ஊரான கேகெனில் அவன் அப்பா ஓராஸ்பாய் அவனுக்கென்று ஒரு சாம்பல் குதிரையை வேறு யாரும் ஏறாமல் வைத்திருந்தார். கோடையில் மந்தை மேலே போகும்போது மகன் பக்கத்தில் வரவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அவனுக்கும் அதுதான்.

"மாவு மூட்டை மாதிரி குறுக்கப் போட்டுக் கட்டிரவா?" என்று அப்பா கேட்டார், முதல் கோடையில். இரண்டாம் கோடையில் கேட்கவில்லை.

அந்த வருடம் இன்னும் இருவர் பணம் போட்டார்கள். போட்ட மறுநாள் கயிறு இரண்டு புரி தடித்தது. மூன்றாம் வருடம் துருக்கியிலிருந்து ஒரு கம்பெனி நல்ல விலைக்குக் கேட்டது. குவானிஷ் அன்று சாப்பிடவில்லை, பழைய சவாரிப் பூட்ஸை எடுத்து மெருகு போட்டான். செரிம்பெத் மறுத்துவிட்டார். குளிர்கால இறைச்சிக்குக் குதிரை விற்கிறவன் விலா எலும்பில் கொழுப்பை விரலால் அளந்து பார்த்துத்தான் விற்பான்.

"ரெண்டு விரல்தான் ஏறியிருக்கு. நாலு விரல் ஏறட்டும்."

"ஏறலேன்னா அகா?" என்றான் குவானிஷ், பெரியவர்களை அழைக்கிற மரியாதையோடு.

"ஏறும்டா. நான் பாக்காத குதிரையா?"

ஒப்பந்தப்படி அவர் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. துருக்கிக்காரர்கள் அடுத்த இலையுதிர் காலத்தில் கூடுதல் விலையோடு திரும்பி வந்தார்கள். மூன்று விரல் என்றார் செரிம்பெத்.

அந்தக் குளிர்காலத்தில் மழை பெய்து, அதன் மேல் உறைபனி விழுந்து, புல்வெளி முழுக்கக் கண்ணாடியாக இறுகிப்போனது. குளம்பால் தோண்டித் தின்ன முடியாமல் குதிரைகள் நின்ற இடத்திலேயே செத்தன. பட்டைகள் மட்டும் சாகவில்லை. அலுவலகத் திரையில் பதினோராயிரம் புள்ளிகள் பனிக்கடியில் அசையாமல் மார்ச் மாதம் வரைக்கும் எரிந்தன. துருக்கிக்காரர்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். சாம்பல் குதிரை கொட்டகையில் இருந்ததால் பிழைத்தது. அதற்கும் வயதாகி, முதுகு அகன்றுகொண்டே போனது.

ஆறாம் வருடம் அஸ்தானாக் கம்பெனி ஒன்று மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வந்தது. செரிம்பெத் விரல் எதையும் எண்ணவில்லை. கையெழுத்துப் போட்டார், பழைய கத்தியைக் கேட்டு வாங்கினார், குனிந்து வெட்டினார். வெண்ணெய் மாதிரி அறுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அன்று சாயங்காலம் குவானிஷ் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மனைவி கௌஹாரோடு ஆற்றங்கரை வரைக்கும் போய்வந்தான். அடி என்னவோ இரண்டு சாண்தான் விழுந்தது. பழக்க தோஷம், நாளைக்குச் சரியாகிவிடும் என்றாள் கௌஹார்.

வாங்கினவர்கள் நிறுவனரும் நான்கு வருடம் கூடவே வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். படிக்காமல் இல்லை, படித்துத்தான் கையெழுத்துப் போட்டான். விடிந்ததும் காலைப் பார்த்தான். நீலக் கயிறு, புதுசு. கௌஹார் சாயாவை வைத்துவிட்டுத் தையல் நாடாவோடு வந்து உட்கார்ந்து, இரண்டு தரம் அளந்தாள்.

"பழசை விட ரெண்டு விரல் கூட இருக்கு."

அவன் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். பிறகு அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னான். ஓராஸ்பாய் சாம்பல் குதிரையின் முதுகு அகலத்துக்கு அது போதாது என்றார். ஞாயிற்றுக்கிழமை கேகென் சந்தைக்குப் போய், முதுகு ஒடுங்கின குதிரை ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.