உள்ளது, இல்லை

வேதியியல் துறையின் பாதுகாப்புப் படிவத்தில் ஒவ்வொரு சாதனத்துக்கும் நேரே இரண்டே கட்டங்கள்: உள்ளது, இல்லை. பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அதிகாரி மூன்று குழுக்களை வைத்து எட்டு மாதம் யோசித்துப் பெற்றெடுத்த படிவம் அது. சாதனம் வேலை செய்கிறதா என்று கேட்க மூன்று குழுவிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆய்வக உதவியாளர் திங்கள்தோறும் அதை நிரப்புவார். முதலுதவிப் பெட்டி, உள்ளது. உள்ளே யாரோ மறந்துபோன சீப்பு மட்டும் இருந்தது. கண் கழுவும் குழாயும் உள்ளதுதான். பச்சைப் பலகையும் அம்புக்குறியுமாக மாப்பிள்ளை போல நின்றது. தண்ணீர்தான் நான்கு மாதமாக வரவில்லை.

தண்ணீர் நின்ற முதல் வாரமே அவர் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் 'தண்ணீர் வரவில்லை' என்று எழுதினார். அதிகாரி அவரைக் கூப்பிட்டு, பையிலிருந்து ரப்பரை எடுத்துக் கையில் கொடுத்தார். பாதுகாப்பு விருதுக்குப் போகும் படிவத்தில் கிறுக்கல் ஆகாது என்றும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதத் தெரிந்தவனுக்குத்தான் வேலை நிரந்தரமாகும் என்றும் தன்மையாக விளக்கினார். உதவியாளர் பதினோரு வருடத் தற்காலிகம். அழித்தார். ரப்பர் தூளையும் அவரே ஊதிவிட்டார். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

விருது வந்தது. விழாவன்று காலை ஆய்வகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது அவர் மனைவி. அங்கே துப்புரவு வேலை அவளுக்கு. அடைத்துக்கொண்ட தொட்டியில் அடைப்பு நீக்கும் காரத் தூளைக் கொட்டி, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினாள். பொங்கி முகத்தில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியாவிட்டாலும் பச்சைப் பலகை இருக்கும் இடம் அவளுக்கு மனப்பாடம். தினமும் துடைப்பவள் அவள்தானே. தடவிக்கொண்டே போய்க் கைப்பிடியை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். குழாய் இருமியது.

அலறல் கேட்டு வந்த உதவியாளர், பொங்கும் தொட்டியின் குழாயை நெருங்க முடியாமல், விழா நடந்த பக்கத்து அரங்குக்கு ஓடினார். ஆபத்தில் முதல் பத்து வினாடி பொன்னானது என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தார் அதிகாரி. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டில்களை உதவியாளர் அள்ளியபோது, அது விருந்தினருக்கு என்று ஒருவர் கையைப் பிடித்தார். உதறிக்கொண்டு வருவதற்குள் பொன்னெல்லாம் போயிருந்தது.

வலது கண் தப்பியது. இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்றார் மருத்துவர்.

மறுநாள் மருத்துவமனைக்கு வந்த அதிகாரி கட்டிலோரம் உட்கார்ந்திருந்த உதவியாளரிடம் விபத்துப் படிவத்தை நீட்டினார். கண் கழுவும் குழாய்க்கு நேரே 'உள்ளது' கட்டத்தில் குறி ஏற்கெனவே விழுந்திருந்தது.

"பொய் ஒண்ணும் இல்லையேப்பா. குழாய் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அவ்வளவுதான். கையெழுத்தைப் போடு. உன் நிரந்தர ஆர்டர் டைப் ஆயிட்டிருக்கு."

கட்டுப் போட்ட முகம் கணவர் பக்கம் திரும்பியது. "ஏங்க, தண்ணி வராதுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

அவர் சொன்னார்: "தெரியும்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிருந்தே சொன்னாள்: "உள்ளதைச் சொன்னா நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளம்பாங்க. இப்ப நான்தான் நொள்ளைக் கண்ணி. எனக்கு வர்ற கோபமெல்லாம் வந்தாச்சு. நீங்க உள்ளதை எழுதுங்க."

உதவியாளர் செவிலியரிடம் பேனா கேட்டு வாங்கினார். படிவத்தின் ஓரத்தில் எழுதினார்: 'தண்ணீர் நான்கு மாதமாக இல்லை. எனக்குத் தெரியும். அதிகாரிக்கும் தெரியும்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

அதிகாரியின் கை பழக்கத்தில் பைக்குள் போனது. ரப்பர் இருந்தது. பேனா மைக்கு அது வேலை செய்யாது.