மிளகாய் மில்லுக்குப் போட்ட மாலை

ஆபீசர் வந்தபோது மணி பதினொன்று. பந்தல்குடி வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலை நம்பி வாங்கிய தங்கலட்சுமியின் புது மிளகாய் மிஷினோ, நாலு சுற்று முனகிவிட்டு நின்றுபோனது.

"கரண்டு பாதிகூட வரலையேம்மா. இத வச்சு எப்படி மானியத்துக்கு எழுதுறது?" என்றார் ஆபீசர், மீட்டரைப் பார்த்தபடி.

வாசலில் பாதி ஊர் நின்றது. வெயிலில் மில்லு ஓட்டப் போறாளாம் என்று சிரித்த வாய்கள் ஒன்று பாக்கியில்லை. மனுவை அவளே எழுதி, விருதுநகருக்கு ஆறு தடவை பஸ் ஏறியது எல்லாம் இந்த ஆபீசருடைய ஒரு கையெழுத்தில் வந்து நின்றது. மானியம் வராவிட்டால் கம்பெனிக்காரன் மாடியில் மாட்டிய சோலார் பேனலைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான். அழுகை முட்டியது. அந்த வாய்களுக்கு முன்னால் அழுவதாவது!

நேற்று ஓடிய மிஷின் இன்று ஏன் படுத்தது? நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். லாரி ஓட்டுகிற அவள் புருஷன் காளிராஜ், விடியற்காலை மதுரையிலிருந்து கூடை நிறையச் செவ்வந்தி மாலையோடு வந்து, புது லாரிக்குப் பூஜை போடுகிற மாதிரி மாடியில் பன்னிரண்டு பேனலுக்கும் மாலையைப் படரவிட்டு, பட்டை பட்டையாகச் சந்தனமும் பூசியிருந்தான். வேப்பங்கிளையின் நிழல்கூட விழக்கூடாது என்று பேனல் மாட்டியவன் சொன்னது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சேலையைச் செருகிக்கொண்டு ஈரத்துணியோடு ஏணியில் ஏறினாள்.

"ஏ லட்சுமி! பூஜை போட்ட மாலைய பொழுது சாயுமுன்ன கழட்டாத!" கீழிருந்து காளிராஜ் பதறினான்.

"மாலைய சாமி கழுத்துல போடுவாக. நீங்க கண்ணுல போட்டு மூடிட்டீகளே!"

கடைசிப் பேனலையும் துடைத்துவிட்டு, "இப்பப் போடுங்க!" என்று கத்தினாள். காலடியில் தளம் அதிர்ந்தது. மிளகாய் நெடி வாசலுக்குப் பாய்ந்தது. சிரித்த வாயெல்லாம் தும்மின. தும்முங்க, நல்லாத் தும்முங்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பெருமையை அடக்கத் தெரியவில்லை, அடக்கத் தோன்றவும் இல்லை.

ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "ஓனரோட ஒரு போட்டோ வேணும். நீங்கதான?" என்று காளிராஜைக் கேட்டார்.

அவன் கண்ணில் நீர் வழிய மேலே கைகாட்டினான். "அந்தா நிக்கிறாகள்ல, அவுகதான் சார் ஓனரு."

ஆபீசர் வெளியே வந்து, கண்கூச அண்ணாந்து போனை உயர்த்தினார். தங்கலட்சுமி மாடி விளிம்பில் நிமிர்ந்து நின்றாள். தும்மலில் போன் ஆடிக்கொண்டே இருந்தது.