பூஜ்ஜிய விழா

எங்கள் மாவட்டத்தில் சிறுவயதுக் கர்ப்பம் ஒழிந்துவிட்டதாக அறிவித்த அன்று என் மகள் தர்ஷிகாவுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பதினேழு வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இளம் தாய்மார் உதவி அலுவலகத்துக்குச் சத்துமாவு வாங்கப் போனேன். பால் போதவில்லை.

அங்கிருந்த மேடம் நல்லவர். உட்காரச் சொன்னார்.

"என்னம்மா வேணும்?"

"பிள்ளைக்கு மாவு, மேடம்."

"எந்தப் பிள்ளைக்கு?"

தர்ஷிகாவைத் தூக்கிக் காட்டினேன். மேடம் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்.

"நம்ம மாவட்டத்துல உன் வயசுல யாருக்கும் பிள்ளை இல்லையேம்மா. காலையிலதான் ஒழிச்சோம்."

"இவ இருக்கா, மேடம்."

"அப்படிச் சொல்லாத. எத்தனை பேரோட உழைப்பு."

தர்ஷிகா மேடத்தின் பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். மேடம் குனிந்து மேஜைக்கடியில் தேடினார். கிடைக்கவில்லை. "இந்த ஆபீஸ்ல எதுவுமே வச்ச இடத்துல இருக்காது" என்றார். பிறகு என்னைத் தடுப்புப் பிரிவுக்கு அனுப்பினார்.

அது அடுத்த அறைதான். ஆனால் நடக்க நடக்க நடைவழி நீண்டது. சுவரெல்லாம் ஒரே படம். பள்ளிச் சீருடையில் ஒரு பெண். ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாள். கடைசிப் படத்தில் அவளுக்கு வாயைத் தவிர முகத்தில் வேறு எதுவும் இல்லை.

தடுப்புப் பிரிவில் ஒரு சார் எனக்கு மட்டும் வகுப்பு எடுத்தார்.

"பதினெட்டுக்கு முன்னால கல்யாணம் வேண்டாம்னு தைரியமா சொல்லணும்."

"சொன்னேன் சார். அம்மாகிட்ட சொன்னேன். மாமாகிட்ட சொன்னேன். தாலி கட்டும்போதும் சொன்னேன். மேளம் அடிச்சிட்டிருந்தாங்க."

"சத்தமா சொல்லிப் பழகணும். சொல்லு."

"வேண்டாம்."

"இன்னும் சத்தமா."

"வேண்டாம்!"

"சரி. உன்னைத் தடுத்தாச்சு" என்று என் விரலில் மை வைத்தார்.

"அப்ப நான் பத்தாம் வகுப்புக்குத் திரும்பப் போலாமா சார்?"

"பிள்ளை பெத்தவளை எப்படிம்மா ஸ்கூல்ல சேர்ப்பாங்க?" என்றார்.

அந்த அறையின் மறுகதவு விழா மண்டபத்துக்குள் திறந்தது. மேடையில் சுடலைக்கண்ணு மாமா உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. எனக்குத் தாலி கட்டியவர். அவருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். அம்மா முன்வரிசையில் இருந்தாள்.

"யம்மா, மாமாவுக்கு எதுக்குச் சால்வை?"

"உன்னைக் கட்டியும் அவனுக்கு ஒண்ணும் ஆகலைல்லா, ஏட்டி. அதுக்குத்தான்" என்றாள் அம்மா. மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தர்ஷிகாவுக்குப் பசி. அழத் தொடங்கினாள். மைக்கில் பேசிக்கொண்டிருந்த அதிகாரி நிறுத்தினார். கையை உயர்த்தினார். மண்டபமே கைதட்டியது. அவள் இன்னும் ஓங்கி அழுதாள். அவர்கள் இன்னும் ஓங்கித் தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். மாமா சால்வை நழுவாமல் தட்டினார்.

நான் நாற்காலிகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டேன். அழுது அழுது அவளுக்கு அந்தக் கைதட்டல் சத்தம் பழகிவிட்டது. தூங்கிப்போனாள். வயிறு காலியாகத்தான் இருந்தது.

அப்போது பின்வரிசையில் சிலர் கை வலித்து நிறுத்தினார்கள். சத்தம் குறைந்தது. தர்ஷிகா நெளிந்தாள்.

"நிறுத்தாதீங்க" என்றேன்.

மறுபடி தட்டத் தொடங்கினார்கள். நானும் அவள் முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தேன்.