இருபத்தெட்டு நாள் தண்ணீர்

"அவனியாபுரத்துக்குப் போக வேணாம்மா. உசிலம்பட்டி ரோட்டுல அந்த சோப்புக் கம்பெனி வாய்க்கால்லயே ஒரு கேன் மோந்துட்டு வா. ரெஜிஸ்டர்ல மட்டும் அவனியாபுரம்னு எழுதிரு."

வடையைத் தின்றுகொண்டே ஞானமுத்து சார் சொன்னார். முத்துமீனா வழக்கம்போல் தலையாட்டினாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நாகமலை புதுக்கோட்டையில் அவருடைய ஆய்வகத்தில் பாட்டில் கழுவவும் சாக்கடைத் தண்ணீர் கொண்டுவரவும் இருந்தாள். மூன்று வருடத்தில் அங்கே அவள் பேசியது கொஞ்சம், பார்த்தது நிறைய. சோப்புத் திரவம் கலந்த பாட்டிலில் அவனியாபுரத்து ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைக் கொஞ்சம் விடுவார்கள். அதிலுள்ள கிருமிகள் இருபத்தெட்டு நாளைக்குள் சோப்பில் நூற்றுக்கு அறுபது பங்காவது தின்று தீர்த்தால் 'எளிதில் மக்கும்' என்று சான்றிதழ். போன தடவை அந்தக் கம்பெனி சோப்பு முப்பத்தொன்றிலேயே நின்றுபோனது. கம்பெனி வாய்க்கால் கிருமிகளோ வருடக்கணக்காக அதே சோப்பைத் தின்று பழகியவை. அவற்றை விட்டால் தின்னாமல் என்ன செய்யும்? பழகிய கிருமி கூடாது என்பதுதான் சோதனையின் முதல் விதி.

அந்த வாய்க்கால் போய் விழுவது அவள் ஊர்க் கண்மாயில். மடையைத் திறந்தால் வயலில் முழங்கால் உயரத்துக்கு நுரை நிற்கும். நாற்று நடப்போகும் அம்மா தங்கப்பொண்ணுவின் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து தோலுரிந்து கிடந்தது. கேட்கப் போனபோது கம்பெனி ஆள், "சோப்புத் தண்ணிதானே ஆத்தா, காலு வெள்ளையாவும்" என்று சிரித்தான். இனி சான்றிதழைக் காட்டியும் சிரிப்பான். நினைக்க நினைக்க முத்துமீனாவுக்குக் காது மடல் கொதித்தது. உசிலம்பட்டி பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

திரும்பி வரும்போது கண்டக்டர் மூக்கைப் பொத்தினார். "என்ன தாயி கேன்ல, இம்புட்டு நாத்தம்?"

"அவனியாபுரம் சாக்கடை."

"அதுக்கும் லக்கேஜ் டிக்கெட் எடு."

பஸ்ஸே சிரித்தது. அவள் கேனை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

இருபத்தெட்டாம் நாள் கணக்கு முப்பத்துமூன்று. ஞானமுத்து சார் பாட்டில்களையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எங்க மோந்த?"

"ரெஜிஸ்டர்ல எழுதச் சொன்னீங்கள்ல, அங்கதான் சார்."

"நாஞ் சொன்னது என்ன, நீ செஞ்சது என்ன? வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்."

"எங்கம்மா காலப் பாத்துட்டு வந்து சொல்லுங்க சார்." அவள் குரல் அந்த அறைக்கே புதிதாக இருந்தது.

அவர் மேசையைத் தட்டினார். "ஏறு வண்டில. என் கண்ணு முன்னால மோந்து குடுத்துட்டு, அப்புறம் வேலைக்கு வாரதா வேணாமான்னு பேசிக்குவோம்."

வாய்க்கால் கரையில் கேனை நீட்டினார். முத்துமீனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"புடி!"

"மாட்டேன். நீங்களே மோந்துக்கங்க."

சுற்றிலும் வேறு ஆளில்லை. அவளைத் திட்டிக்கொண்டே பேண்ட்டை மடித்துவிட்டுக் குந்தினார். நுரைக்கு அடியில் தண்ணீர் எங்கே என்று தெரியவில்லை. கையை விட்டுத் துழாவினார். கடிகாரத்தைத் தாண்டி முழங்கை வரை நுரை ஏறியது. உதறினார், போகவில்லை. சட்டையில் தேய்த்தார், சட்டையிலும் ஒட்டியது. அவள் அசையாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.