மணிவோன் ஊர்ச் சாப்பாடு

...கடித்தால் கட்டைதான், சந்தேகமே இல்லை, எருமைத்தோல் வெந்து வழவழப்பாகிவிட்டது, கத்தரிக்காய் கரைந்து குழம்போடு போய்விட்டது, இந்த விரல் நீளத் துண்டு மட்டும் வேகவே இல்லை, லுவாங் பிரபாங்காரர்களுக்கு என்ன பல்லோ... பூன்தவி விடாமல் மென்றான். தெற்கே பாக்சோங்கில் இருபது வருஷமாகக் காப்பி மூட்டை தூக்கிய உடம்பு, இரண்டு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் முதலில் சாப்பிட வேண்டும், சாப்பிட்டுவிட்டுத்தான் இந்தத் தெருக்கோடியில் இருக்கிற பெண்டாட்டியின் அக்கா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். உங்க ஊர் ஓர்லாம் குழம்பு சாப்பிட்டேன் மணிவோன், நல்லாத்தான் இருக்கு, கிளம்பு போகலாம்... பஸ்ஸிலேயே கோத்துவைத்த பேச்சு. மூன்று மாதமாகிறது அவள் வந்து. சண்டையில்லை, அடிதடியில்லை, கடைசிப் பெண்ணும் வியன்தியானுக்குத் தையல் வேலைக்குப் போன மறுவாரம் துணியை மடித்துப் பையில் வைத்தாள், அக்காவைப் பார்த்துட்டு வரேன் என்றாள், அவ்வளவுதான். போனில் கேட்டதற்கு, எனக்கு அங்க ஒண்ணுமில்லங்க என்றாள். வீடு இருக்கே, அடுப்பு இருக்கே, நான் இருக்கேனே... அதைச் சொன்னானா, நினைத்ததோடு சரியா?

நாக்கு மரத்தது. காரம் மிளகாய்க் காரமில்லை, பல்லிடுக்கில் புகுந்து உதட்டைத் தூக்கிக்கொண்டு போகிற வேறு காரம். ஒரு கவளம் ஒட்டுச் சோற்றை உருட்டி வாயில் தள்ளி, கட்டையையும் சேர்த்து விழுங்கினான். தொண்டையில் நின்று கண்ணில் நீர் வந்தது. கடைக்காரி சன்சூக் ஓடிவந்து தண்ணீரை நீட்டினாள். "அண்ணே, முழுங்கிட்டீங்களா? அது சக்கான் கட்டைண்ணே, மென்னு காரத்த உறிஞ்சிட்டுத் துப்பணும்." பக்கத்து மேசைப் படகுக்காரன் சிரித்தான். "தெக்கத்தி ஆளு, விட்டா சட்டியையும் தின்னுடுவாரு. ஒளிச்சு வைம்மா." பூன்தவியும் சிரித்துவைத்தான். சக்கான்... இந்தப் பேரை எங்கேயோ கேட்டிருக்கிறான். கல்யாணமான இரண்டாம் வருஷம், மழைக்காலம், அவள் அம்மா பஸ்காரனிடம் கொடுத்தனுப்பிய துணிமூட்டை, உள்ளே ஒரு முழக் கட்டை. விடிகாலையில் விறகு ஈரம், இவன் அந்தக் கட்டையை நாலாகப் பிளந்து அடுப்பில் வைத்துவிட்டான், எரிகிற கட்டையா தின்கிற கட்டையா என்று எவன் கண்டான்? வீடு முழுக்கப் புகை, இருமல். அவள் ஓடிவந்து அடுப்பைப் பார்த்துவிட்டு, பாவாடை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மூட்டைக் கொட்டகையில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான், பொண்டாட்டி சமைக்கிறத நான் எரிச்சுட்டேன்டா என்று. சிரித்தாளா? கண்ணும் முகமும் நனைந்திருந்தது, புகைதான்... புகையாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் அவள் ஓர்லாம் வைக்கவே இல்லை, இவனும் கேட்கவே இல்லை, நிம்மதி என்று இருந்துவிட்டான். பதினெட்டு வருஷம் தெற்கத்திச் சமையலே சமைத்தாள்.

வெறுங்கையோடு போகக் கூடாது. ஓர்லாம் வாங்கிக்கொண்டு போனால் அவள் ஊரை அவளுக்கே விற்கிற மாதிரி... "தங்கச்சி, பப்பாளிக்காய் இடிச்சு ஒண்ணு கட்டிக் குடு. வீட்டுக்காரிக்கு." "பாருடா," என்றாள் சன்சூக், "துப்பத் தெரியலன்னாலும் வாங்கிக் குடுக்கத் தெரியுது." பப்பாளிக்காயை இந்த ஊர் வழக்கப்படி பட்டை பட்டையாகச் சீவி வைத்தாள், பூண்டை உரலில் போட்டாள், மிளகாய்க் கிண்ணத்தில் கையை விட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். "அவங்களுக்கு எத்தன மிளகாய்?"

பதினைந்து என்று வாய்வரை வந்துவிட்டது. அது இவனுக்கு. வீட்டில் ஒரே தட்டுதான், இரண்டு பேர் கையும் ஒரே தட்டில்தான், இவன் பதினைந்தில்தான் அவளும் தின்றாள்... தின்றாளா? நாலு வாய்க்கு மேல் அவள் கை தட்டுக்கு வராது, சோற்றை மட்டும் உருட்டிக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் போய்விடுவாள், காற்றுக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தான். மூன்றா, இரண்டா, ஒன்றுமே வேண்டாமா... "சொல்லுங்கண்ணே, எத்தன?" உலக்கையை உரல் விளிம்பில் சாய்த்துவிட்டு சன்சூக் காத்துக்கொண்டிருந்தாள்.