சாம்பல் பூவுக்கு சென்ட்

என் மகள் டின்சி வண்டுக்குக் கண் தெரிகிறதா என்று படிப்பதாகச் சொல்லி எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் சிரித்தவர்களுக்கு நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: உங்கள் வீட்டில் எவனுக்காவது கண் தெரிகிறதா, முதலில் அதைப் பாருங்கள். நான் சூசையப்பன், எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். வாய் கொஞ்சம் நீளம்.

விஷயம் இதுதான். தேவிகுளத்துக்கு மேலே புல்மேட்டில் மஞ்சளாகப் பூக்கும் காட்டுச் செடி ஒன்று உண்டு. சின்ன வண்டுகள் அதில் புரண்டு, மகரந்தத்தை மேலெல்லாம் அப்பிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போனால்தான் அது காய்க்கும். அந்த வண்டு நிறத்தைப் பார்த்து வருகிறதா என்று டின்சிக்குத் தெரிய வேண்டும். அதற்குக் காகிதப் பூக்கள். கொஞ்சம் மஞ்சள், மற்றதெல்லாம் சாம்பல், வெளிறியதும் அடர்ந்ததுமாக. நிறம் தெரியாத கண்ணுக்கு அந்தச் சாம்பலில் ஏதோ ஒன்று மஞ்சளைப் போலவே இருக்குமாம். அப்படியும் வண்டு மஞ்சளுக்கே போனால் அதற்கு நிறம் தெரிகிறது என்று அர்த்தம். மழை பிடித்துவிட்டால் வண்டு கிடையாது. அவள் படிப்பில் ஒரு வருஷம் போய்விடும்.

பூச் செய்தவள் என் மனைவி ஞானஜோதி. வருஷா வருஷம் மாதா சப்பரத்துக்குக் காகிதப் பூ கட்டுகிறவள். சாம்பலில் பூச் செய்யச் சொன்னதும் முகம் சுளித்தாலும் செய்துகொடுத்தாள்.

கல்லூரி டீச்சர் பார்க்க வந்த அன்று, புல்மேட்டில் குச்சிகளை நட்டுப் பூக்களைச் செருகினோம். டீச்சர் குனிந்து மோந்தார். சாம்பல் பூக்களில் மட்டும் ரோஸ் சென்ட் கமகமவென்று அடித்தது.

டின்சி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாக்கவே பாவமா இருந்திச்சு, தாயி. மஞ்சளுக்கு அழகு இருக்கு. இதுகளுக்கும் நாலு வண்டு வரட்டுமேன்னு அடிச்சேன்" என்றாள் ஞானஜோதி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சப்பரப் பூவுக்கு அடிக்கிற சென்டை இங்கே கொண்டுவந்து அடிப்பாளா ஒருத்தி! டீச்சரோ, வண்டு மணத்துக்கு வந்ததா நிறத்துக்கு வந்ததா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, கழற்றிவிடலாம் என்றார். மேற்கே மேகம் கறுத்துவிட்டது.

டின்சி கத்தவில்லை, அழவில்லை. சென்ட் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். ஞானஜோதியின் பையில் இருந்தது.

"மஞ்சளுக்கும் அடிம்மா. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி அடி. அப்ப மணத்துல வித்தியாசம் இல்ல, நெறத்துல மட்டுந்தான். சரிதானே மிஸ்?"

டீச்சர் யோசித்துத் தலையாட்டினார். ஆனால் இந்த நெடிக்கு வண்டே வராமல் போகலாம் என்றும் சொன்னார். எங்களுக்கு வேறு வழி இல்லை. ஞானஜோதி அடித்து முடித்தாள். தள்ளிப்போய் உட்கார்ந்தோம்.

ஒரு வண்டு வந்தது. சாம்பலுக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டு மஞ்சளில் இறங்கியது. பிறகு இரண்டு, பிறகு ஒரு கூட்டம், எல்லாம் மஞ்சளில். வழி தவறிச் சாம்பலில் உட்கார்ந்த ஒன்றும் உடனே எழுந்து போனது. டீச்சர் டின்சியின் முதுகில் தட்டி, இதை எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் நீ எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார்.

"சொல்றேன் மிஸ். மொதல்ல சாம்பலுக்கு மட்டும் சென்ட் பட்டதையும் சேத்தே சொல்றேன்."

ஞானஜோதி பதறிப்போனாள். அத்தனை படித்தவர்கள் முன்னால் என் மானத்தை வாங்காதே என்று கெஞ்சினாள். டின்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடந்தத மறைச்சா, வண்டு மஞ்சளப் பாத்துச்சுன்னு நான் சொல்றத யாரும்மா நம்புவா?"

மகள் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். அவள் எப்பேர்ப்பட்டவள் என்று அப்போதுதான் தெரிந்தது. பெற்ற வயிறுதான் குளிரும் என்பார்கள்; அன்றைக்கு என் வயிறும் குளிர்ந்தது.