தம்பி குத்துகிறான்

நாடகப் புத்தகத்தின் முதல் பதிப்பை வாய்விட்டுப் படித்தால், அதில் எழுதியிருக்கும் அடி படிக்கிறவர் மேல் விழும். மறுபதிப்பில் விழாது. பழைய புத்தகக் கடைக்காரருக்கு இதுதான் பிழைப்பு. ஒரு சமூக நாடகத்தில் மாமனார் அறைந்ததில் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று போனது. ஒரு சரித்திர நாடகத்தில் சவுக்கடி வாங்கி மாதக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்தார். அட்டையை, தாளை, அச்சிட்ட ஆண்டைப் போலியாகச் செய்யலாம், அடியைச் செய்ய முடியாது என்பதால் அவர் சொன்னால் சொன்னதுதான். "காதல் நாடகமா பாத்து வாங்கக் கூடாதா?" என்று மனைவி மருந்து தடவிக்கொண்டே கேட்பாள். காதல் நாடகங்களில்தான் அடி அதிகம் என்பது அவளுக்கும் தெரியும்.

எல்லாரும் அலைந்தது ஒரு குடும்ப நாடகத்துக்கு. "தம்பி அண்ணனைப் பார்த்துக் கத்துகிறான்" என்றுதான் ஆசிரியர் எழுதிக் கொடுத்தார். அச்சுக் கோத்தவர் எந்த நினைப்பில் இருந்தாரோ, 'க' வர வேண்டிய இடத்தில் 'கு' வந்து, தம்பி குத்துகிறான் என்று ஆகிவிட்டது. குத்துப்பட்ட அண்ணன் அடுத்த காட்சியில் வந்து சாவகாசமாகத் தேநீர் குடிப்பதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் பதிப்பில் திருத்துவதற்குள் அதைப் படித்துப் பார்த்த பல வீடுகளில் சாவு விழுந்திருந்தது. மிச்சமிருந்த பிரதிகளை ஜனங்கள் எரித்தார்கள். அதனாலேயே அதற்குக் கிராக்கி.

கடைக்காரருக்கும் ஒரு தம்பி இருந்தான். அப்பா செத்த அன்று, கடைச் சாவிக்காகப் பிணத்தின் பக்கத்திலேயே இருவரும் கட்டிப் புரண்டார்கள். பிறகு பல வருடமாகப் பேச்சில்லை. ஒரு மத்தியானம் அந்தத் தம்பி, குவாரி முதலாளியோடும் அவருடைய ஆட்களோடும் கடைக்குள் வந்தான். கையில் அந்த நாடகம். முதலாளி நாடகப் புத்தகம் சேர்ப்பவர். போலியைத் தலையில் கட்டப் பார்த்த தரகர் ஒருவரின் விரல்களைக் கல் உடைக்கும் சுத்தியலால் நசுக்கியவர்.

"உங்க தம்பி முதல் பதிப்புன்னு சத்தியம் பண்றான். படிச்சுச் சொல்லுங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பக்கத்தைப் புரட்டியதுமே இது இரண்டாம் பதிப்பு என்று கடைக்காரருக்கு விளங்கிவிட்டது. 'க'வுக்குக் கீழே யாரோ மையால் ஒரு வளைவு போட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணைத் திருத்திய அதே கை. நிமிர்ந்து பார்த்தார். தம்பி இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெளிறிப்போய் நின்றான். அந்தக் கைகளைப் பார்த்ததும் அத்தனை வருடக் கோபமும் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

"வேண்டாங்க, செத்துப் போயிடுவீங்க," என்றாள் உள்கதவருகே நின்ற மனைவி.

அவர் அந்த வரியை உரக்கப் படித்தார். ஒன்றும் விழவில்லை. உடனே புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து, அதன் மறைவில், மேசையில் கிடந்த தாள் வெட்டும் கத்தியைத் தன் விலாவில் பிடிவரை இறக்கினார். பிடுங்கி, இழுப்பறைக்குள் தள்ளினார். ரத்தம் அட்டையை நனைத்துத் தரையில் ஓடியது. "அண்ணா!" என்று தம்பி கத்திய கத்தலில் ஜன்னல் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. இரண்டு பதிப்பும் அப்படி ஒரே சமயத்தில் நடந்தன.

"முதல் பதிப்புதான்," என்றார் கடைக்காரர். "எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்குப் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் முதலாளிக்கு அந்த வளைவு கண்ணில் பட்டது. சுத்தியலை எடுத்துக்கொண்டார். "போலி எங்கயாவது குத்துமாடா? இதோ பாருங்கடா," என்று ஆட்களுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினார். கடைக்காரருக்குப் பட்ட அதே விலாவில், அதே ஆழத்துக்குக் குத்து விழுந்தது. சுத்தியல் அவர் காலிலேயே விழுந்து எலும்பை நொறுக்கியது. அதை உணர அவருக்கு உயிர் இருக்கவில்லை.

கடைக்காரர் பதிப்பு சொல்லி ஒருநாளும் தப்பியதில்லை. இந்தப் புத்தகத்திலும் தப்பவில்லை என்று மற்ற வியாபாரிகள் பேசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். மனைவி மருந்து வைத்துக் கட்டியதில் அவர் பிழைத்துக்கொண்டார். கடைச் சாவி இப்போது இரண்டு. வருகிற நாடகங்களை எல்லாம் தம்பிதான் வாய்விட்டுப் படிக்கிறான். அண்ணன் மருந்துப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.